தொழிலாளரும் இன்றியமையாத் திறன்களும்

தொழிற்சாலையில் வேலை செய்வோருக்கு உடல்வலியும் கைப்பழக்கமும் இருப்பிற் போதும். எழுத்தும் கணக்கும் காரியாலயத்தில் இருப்போருக்கே உரியன என்று எண்ணுவோர் பலர் உளர். கல்லூரியிற் பயிலும் நம்மிடத்தும் இவ்வெண்ணம் இல்லாமலில்லை. இது பொருந்துமா என்பதைக் கனடா தேசத்தின் அநுபவங்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1994-ஆம் ஆண்டில் அத்தேசத்து அரசாங்கத்தார் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். பற்பல தொழில் செய்வோரை நேரிற் கண்டு, அவர்கள் வேலையில் எவற்றை வாசிக்கின்றனர், எவற்றை எழுதுகின்றனர், எவ்வகைக் கணக்குச் செய்கின்றனர் என்று வினவித் தொகுத்தனர். எத்தொழிலுக்கும் அடிப்படையாய் நிற்குந் திறன்கள் ஒன்பது என அதனாற் புலப்பட்டது. அவையாவன: வாசித்தல், ஆவணங்களைப் பயன்படுத்தல், கணக்கிடல், எழுதுதல், வாய்மொழியால் உணர்த்தல், பிறரோடு சேர்ந்துழைத்தல், சிந்தித்தல், கணினியைக் கையாளுதல், இடைவிடாது கற்றல் என்பன. இவற்றுக்கு 'இன்றியமையாத் திறன்கள்' என்று பெயரிட்டனர். 2021-ஆம் ஆண்டில் இத்தொகுதி திருத்தப்பெற்று, 'வெற்றிக்குரிய திறன்கள்' என்னும் புதுப்பெயர் பெற்றது. மாற்றத்துக்கு இசைதல், புதுமை படைத்தல் என்பனவும் அப்போது சேர்ந்தன.

இவற்றுள் இரண்டனை மாத்திரம் விரித்துரைப்போம்.

முதலாவது, ஆவணங்களைப் பயன்படுத்தல். ஒரு கதையை வாசிப்பது வேறு. அட்டவணை, வரைபடம், எச்சரிக்கைச் சீட்டு ஆகியவற்றில் வேண்டிய ஒன்றைத் தேடி எடுப்பது வேறு. கதையைத் தட்டின்றிப் படிப்பவனும் அட்டவணையின்முன் திகைத்து நிற்றல் கூடும். கனடாவில் அபாயகரமான பொருள்களைக் கையாளும் தொழிலிடங்களில் அவற்றைப்பற்றிய அறிவிப்பு முறை 1988 முதல் சட்டமாய் இருந்து வருகின்றது. இக்காலத்தில் அத்தகைய பொருள் ஒவ்வொன்றுக்கும் உரிய பாதுகாப்புத் தாள் 16 பகுதிகளை உடையது. முதலுதவி நான்காம் பகுதியிலும், அணியவேண்டிய காப்புகள் எட்டாம் பகுதியிலும் கூறப்பட்டிருக்கும். உடன் உழைப்பவன் கண்ணில் அமிலம் தெறித்தபோது, அத்தாளைக் கையிலெடுத்தும் உரிய இடத்தைக் காணமாட்டாதவன் நிலை யாது?

இரண்டாவது, கணக்கிடல். கடைசல் யந்திரத்தில் ஓர் இரும்புத் தண்டைக் கடைபவனிடம், விட்டம் 25.00 மில்லிமீட்டர், வேறுபாடு 0.05 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்று வரைபடம் கூறுகின்றது. ஆகவே 24.95 முதல் 25.05 வரை உள்ளது கொள்ளத்தக்கது; 25.07 தள்ளத்தக்கது. இவ்வளவோடும் அமையாது. அண்டை நாடாகிய ஐக்கிய அமெரிக்காவில் அங்குலக் கணக்கே பெருவழக்காதலின், கனடாத் தொழிலாளி இருவகை அளவையும் அறிந்திருத்தல் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், எனவே எட்டில் ஐந்து அங்குலம் 15.875 மில்லிமீட்டர்.

அளவை மாறினால் விளையுங் கேட்டுக்குத் தொழிற்சாலைக்குப் புறம்பான ஒரு சான்று அந்நாட்டிலேயே உண்டு. 1983-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், மான்ட்ரீயல் நகரினின்று ஒட்டாவா வழியாக எட்மண்டனுக்கு ஒரு விமானம் புறப்பட்டது. எரிநெய் காட்டுங் கருவி பழுதுற்றிருந்தமையால், கோலிட்டு அளந்து பார்த்ததில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோகிராம். லிட்டரைக் கிலோகிராமாக்க ஏறக்குறைய 0.8 ஆற் பெருக்கல் வேண்டும். அவர்களோ பழைய வழக்கப்படி, லிட்டரை இராத்தலாக்கும் எண்ணாகிய 1.77 ஆற் பெருக்கி, 13,597 கிலோகிராம் உளதென்று கொண்டனர். ஆதலால் ஏறக்குறைய 20,000 லிட்டர் சேர்க்கவேண்டிய இடத்தில் 5,000 லிட்டருக்குங் குறைவாகவே சேர்த்தனர். நடுவானில் எரிநெய் தீர்ந்து, இரு எஞ்சின்களும் நின்றன. விமானி மிதவை விமானம் ஓட்டிப் பழகியவராதலின், மானிடோபா மாகாணத்துக் கிம்லி என்னும் ஊரில், பழைய விமானத் தளமொன்றில் இறக்கினார். 69 பேரும் உயிர் தப்பினர்.

இங்கே பிழைத்தவர்கள் கணக்கறியாதார் அல்லர். பெருக்கலும் வகுத்தலும் பழுதற்றனவே. எவ்வெண் எவ்வளவைக்கு உரியது என்று ஆராயாமை ஒன்றே குற்றம். அவ்வகை விமானம் அந்நிறுவனத்தில் மெட்ரிக் அளவைக்கு முதலாவது வந்ததாகும். தொழில் மாறுந்தோறும் மீண்டுங் கற்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

நிற்க. 2012-ஆம் ஆண்டை ஒட்டி நடந்த சர்வதேசச் சோதனையில், கனடாவில் 16 முதல் 65 வயது வரை உள்ளோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் வாசிப்பில் மூன்றாம் படியை எட்டவில்லை. இக்காலத் தொழிலுக்கு வேண்டியதென்று கருதப்படுவது அப்படியேயாம். கல்வி பரந்த நாட்டிலும் நிலைமை இஃதாயின், குறையுடையோர் சிலரே என்று யாரும் இகழ்தற்கில்லை. ஆனால் குறையுடையவன் அதனை வெளியிட நாணுகின்றான். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்பான். நீயே படித்துச் சொல் என்பான். பதவி உயர்வு வரினும், அதனோடு எழுத்துவேலை வருமே என்றஞ்சி மறுப்பான்.

இத்தகையோருக்கு இணையவழிப் பயிற்சி ஒரு நல்ல வாயிலாகும். முதலிற் சோதனை நிகழ்த்தி, மாணாக்கன் நிற்கும் படியைக் காண்கின்றனர். பின்னர் அவன் தொழிலுக்குரிய வேலைச்சீட்டு, அளவுப் பட்டியல், பாதுகாப்புத் தாள் ஆகியவற்றையே பாடமாக வைக்கின்றனர். இரவுமுறை வேலை பார்ப்பவன் பகலிற் கற்கலாம். தவறினால் நகைப்பார் இலர். ஒரு பாடத்தைப் பத்துமுறை திருப்பினும் யந்திரம் சலியாது. வேலை தேடுவோனுக்கோ, தான் விரும்பும் தொழில் எத்திறனை எவ்வளவு வேண்டுகின்றது என்பதை முன்னரே அறிந்து, குறைந்ததை நிரப்பிக்கொள்ள வழி உண்டாகின்றது.

எனினும் இவ்வாயிலுக்கு ஒரு பூட்டு உண்டு. இணையத்திற் கற்கக் கணினிப் பழக்கம் வேண்டும். அதுவோ ஒன்பது திறன்களுள் ஒன்று. யாருக்குப் பயிற்சி மிகவும் வேண்டுமோ அவரே உள்ளே புகமாட்டாமல் நிற்கின்றனர். பிறரோடு சேர்ந்துழைத்தலும் வாய்மொழியும் தனியறையில் திரைமுன் இருந்து முற்றக் கற்கத்தக்கன அல்ல. ஆதலின் தொடக்கத்தில் அருகிருந்து கைபிடித்துக் காட்டும் ஆசிரியர் ஒருவர் வேண்டும். வேலைநேரத்தில் ஒரு பங்கினைப் படிப்புக்கு விட்டுக்கொடுக்கும் முதலாளியும் வேண்டும். உழைத்துக் களைத்தவனுடைய உறக்கத்தையே கட்டணமாகக் கேட்பது நீதியாகாது.

மாணவ நண்பர்களே, நம்முள் சிலர் நாளை தொழிற்சாலைகளில் மேலாளராக அமர்வோம். அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டியதோடு கடமை முடிந்ததென்று கருதாது, அதனைப் படிக்கவேண்டியவர் படித்துணரத்தக்கதாக எழுதினோமா என்று வினவுவோமாக. படித்துச் சொல் என்று ஒருவர் தாளை நீட்டும்போது, படித்துச் சொல்வதோடு அமையாமல், அவர் நாணாதபடி கற்றுக்கொள்ள வழியும் காட்டுவோமாக. அதுவே நாம் பெற்ற கல்வியின் பயனாம்.