கிளை கற்றுத் தந்த பாடம்

ஊரில் முதலாளி, பினாங்கிலோ சிங்கப்பூரிலோ கடை, கடையில் கணக்கப்பிள்ளை. இம்முறையில் வியாபாரம் நடத்தியவர் நம்மவரில் அநேகர். உத்தரவு ஊரிலிருந்து வரும். கணக்கு இங்கிருந்து போகும். இவ்விடத்துச் சந்தையில் கணக்கப்பிள்ளை கண்டறிந்த நுட்பம் முதலாளியின் காதுக்கு எட்டியதா என்பது வேறு சங்கதி. பல தேசங்களில் கிளை பரப்பிய பெருங் கம்பெனிகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. இதற்கு அமெரிக்காவின் ஜெராக்ஸ் கம்பெனி நல்ல உதாரணம்.

சாதாரணக் காகிதத்தில் நகல் எடுக்கும் 914 என்னும் இயந்திரத்தை அக்கம்பெனி 1959இல் வெளியிட்டுப் பெருஞ்செல்வம் ஈட்டியது. 1962இல் அதன் பிரிட்டிஷ் கூட்டுக் கம்பெனியான ராங்க் ஜெராக்ஸும், ஜப்பானின் புஜி போட்டோ பிலிமும் சரிபாதிப் பங்கில் புஜி ஜெராக்ஸைத் தொடங்கின. இயந்திர நுட்பமெல்லாம் மேற்கிலிருந்தே வந்தது. ஜப்பானியர் கற்பவர், மற்றவர் கற்பிப்பவர். ஆயினும் ஜப்பானில் சிறு இயந்திரத்துக்கே கிராக்கி இருந்தபடியால், புஜி ஜெராக்ஸ் தானே அத்தகையவற்றை வடிவமைக்கத் தொடங்கியது.

1970களில் ரிக்கோ, கேனன் முதலிய ஜப்பானியக் கம்பெனிகளின் மலிவான சிறு இயந்திரங்கள் அமெரிக்கச் சந்தையில் புகுந்தன. ஜெராக்ஸின் வாடிக்கை சரிந்தது. 1979 வாக்கில் போட்டியாளரின் கணக்கை ஜெராக்ஸ் ஆராய்ந்தபோது திடுக்கிடும் உண்மை வெளிப்பட்டது: தமக்கு உற்பத்திக்கு ஆகும் செலவே அவர்களுடைய விற்பனை விலை! கொள்முதல் விலைக்கே எதிர்க்கடைக்காரர் சில்லறை விற்றால் நம் நிலை என்னவாகும்?

இந்தப் போட்டியைப் புஜி ஜெராக்ஸ் தன் நாட்டில் முன்னதாகவே சந்தித்திருந்தது. 1976 முதல் தரத்தைச் சீர்செய்யும் இயக்கத்தை நடத்தி, 1980இல் ஜப்பானின் டெமிங் பரிசையும் வென்றது. நோயும் மருந்தும் கிளையில் இருக்க, தாய்க் கம்பெனி வைத்தியரைத் தேடிக்கொண்டிருந்தது என்றே சொல்ல வேண்டும். 1982இல் தலைமைக்கு வந்த டேவிட் கேர்ன்ஸ் ஜப்பானிய முறையைத் தம் கம்பெனியில் புகுத்தினார். 1989இல் ஜெராக்ஸின் ஒரு பிரிவு அமெரிக்காவின் பால்ட்ரிஜ் விருதைப் பெற்றது.

இவ்வளவு தாமதம் ஏன்? விலைப்பட்டியலைத் தபாலில் அனுப்பலாம். பழுதில்லாமல் செய்யும் பக்குவத்தை அவ்வாறு அனுப்ப இயலாது. ஆகவேதான் இரு கம்பெனிகளும் தத்தம் பொறியாளர்களை மற்றதன் இடத்தில் தங்கி வேலை செய்யச் செய்தன. சூலான்ஸ்கி என்னும் ஆய்வாளர் 8 கம்பெனிகளில் நல்ல முறைகள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சென்ற 122 நிகழ்வுகளை ஆராய்ந்து, 1996இல் முடிவை வெளியிட்டார். சொல்ல மனமில்லாமையைவிடப் பெரிய தடைகள் மூன்று என்றார்: பெறுபவருக்கு ஏற்கும் ஆற்றல் இன்மை, அம்முறை ஏன் பலிக்கிறதென்ற தெளிவின்மை, இரு தரப்புக்கும் இடையே சுமுகமின்மை. மூன்றாவதைப் பங்காளி வியாபாரம் செய்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை!

கொடுக்கல் வாங்கல் என்றும் நிலைக்கவில்லை. 2019இல் ஜெராக்ஸ் தன்னிடம் எஞ்சியிருந்த கால் பங்கைப் புஜிபிலிமுக்கு விற்றது. 2021இல் தொழில்நுட்ப ஒப்பந்தமும் முடிந்தது. பழைய கிளை புஜிபிலிம் பிசினஸ் இன்னொவேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டு, சொந்தப் பெயரில் உலகச் சந்தையில் இறங்கியது.