ஏணி பிடித்தவன் கணக்கு

அன்புள்ள மகள்,

பசறைப் பக்கம் தோட்டத்து ஒப்பீசில் வேலை கிடைத்தது சந்தோஷம். “தராசில் கிலோ குறைக்கிறது கணக்கப்பிள்ளை. நான் கம்பியூட்டரில் பதிகிறேன், அவ்வளவுதான். எனக்கும் பாவமா, சேர்?” என்று கேட்டிருந்தாய். கேள்வி நல்லது. அதற்கு உங்கள் பங்குச்சபைப் பெரியவர் சொன்ன பதில்தான் எரிச்சல்: துரை சொன்னதைச் செய்தால் பாவம் துரைக்குத்தானாம்! கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, 1972இல் தாமே விரும்பி வந்து பொறுப்பேற்ற மறைமாவட்டம் இது. இங்கேயா இப்படிப் பேச்சு?

தீமைக்கு மனம் உடன்படுவது வேறு, கை மட்டும் உதவுவது வேறு என்பது உனக்குத் தெரியும். ஆனால் பெரியவரின் பதிலைப் போன்ற ஒன்றை உரோமை 1679லேயே தள்ளிவிட்டது தெரியுமா? அந்த மார்ச்சில் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட், பாவத்துக்குச் சாக்குத் தேடிக் கொடுத்த 65 கருத்துக்களைக் கண்டித்தார். அதில் 51ஆவது என் செல்லம். எசமான் ஒரு பெண்ணைக் கெடுக்க ஜன்னல் ஏறுகிறான். வேலைக்காரன் தோள் கொடுக்கிறான், ஏணி தூக்கி வருகிறான், கதவு திறக்கிறான். பயந்து செய்தால் அது சாவான பாவம் இல்லை என்பது அந்தக் கருத்து. என்ன பயம்? எசமான் மோசமாக நடத்துவான், வீட்டைவிட்டுத் துரத்துவான், கடுகடுவென்று பார்ப்பான். ஆம், பார்வையும் பட்டியலில் இருக்கிறது! துரை முறைப்பாரே என்று செக்ரோலைத் திருத்தும் கிளாக்கர்மாரை எவனோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதியதுபோல இருக்கும் எனக்கு.

அறநெறி இறையியலில் தூய லிகோரியாரைப் படி. நேப்பிள்ஸில் வக்கீலாக இருந்து, ஒரு வழக்கில் தோற்று, 1723இல் தொழிலையே விட்டவர். வக்கீல் புத்தி மட்டும் போகவில்லை. எசமானின் கெட்ட எண்ணத்தோடு நீயும் சேர்கிறாயா, அல்லது நீ செய்த சாதாரண காரியத்தை அவன் கெடுதலுக்குத் திருப்புகிறானா என்று துருவுவார். பயத்தையும் எடை போடுவார். தூய தோமா அக்வினாஸ் இன்னும் கறார். இழப்பீடு யார் தரவேண்டும் என்றே கேட்பார். பிறர் நஷ்டத்தில் பங்காளியாகும் 9 வழிகளில் மௌனமும் ஒன்று என்பார். ஆனால் பேசக் கடமை உள்ளவனைத்தான் அது பிடிக்கும்.

இனி உன் மேசை. உங்கள் தோட்டத்தில் முழுப்பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ என்று எழுதியிருந்தாய். சாக்குக்கு எடை உண்டு. மழைக் கொழுந்தில் தண்ணீரும் உண்டு. அவ்வளவைக் கழிப்பது களவு அல்ல. ஆனால் ஆகஸ்டில், கச்சான் அடித்து ஊவா மலையெல்லாம் காய்ந்து கிடக்கும்போது, “தண்ணிக்கு” 2 கிலோவா? 19 கிலோ பறித்தவள் 17க்கு இறங்குகிறாள். அரைப்பேர்! 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளக் கணக்கில் பார்த்தாலே 675 போயிற்று.

தராசுத் துண்டில் வந்த எண்ணை, உடன்படாத மனதோடு பதிகிறாய். உன் சம்பளத்தை நம்பி லயத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தச் சம்பளம் போய்விடுமே என்ற பயம் முறைப்புக்குப் பயப்படுவது போன்றதல்ல. வேலையை விட வேண்டாம். ராஜினாமா செய் என்று வீரம் பேசுகிறவர்கள் உன் அம்மாவுக்கு அரிசி வாங்கித் தரப்போவதில்லை. ஆனால் 18ஐ 17 ஆக்கு என்று உன்னிடமே சொன்னால் அதுதான் ஏணி. தொடாதே.

1981இல் இரண்டாம் ஜான் பால் ‘மறைமுக முதலாளி’ பற்றி எழுதியதைக் காட்டி, சந்தையும் அரசும்தான் காரணம் என்று யாராவது வருவார்கள். அவர்களுக்கும் பங்கு உண்டு. அதனால் உன் பங்கு கரைந்துவிடாது.

தராசுத் துண்டுகளைக் கிழித்துப் போட விடாதே. மாதம் எத்தனை கிலோ தண்ணியாகப் போனது என்று கூட்டிப் பார். பெரிய கிளாக்கரிடம் எழுத்தில் கேள், நகல் ஒன்று வைத்துக்கொள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்