வியப்பும் உண்மையும்



சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் கேள்விகளுக்குக் குறைவிராது. "நிலா ஏன் எங்களோடயே வருகுது? கடல்தண்ணி ஏன் உப்பு?" என்று அவர்கள் கேட்கும்போது, பெற்றோராகிய நாம் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஒன்று, "அது கடவுள் செய்த அதிசயம், கேள்வி கேட்கக் கூடாது." மற்றது, "உதெல்லாம் சோதினைக்கு வராது, போய்ப் படி." முதற் பதில் உண்மையைத் தேடவிடாது. இரண்டாவது பதில் வியப்பைக் கருகச் செய்துவிடும். வியப்பும் உண்மையும் ஒன்றுக்கொன்று பகையா? ஒரு கல்லின் வரலாற்றைக் கொண்டு இதைச் சிந்திப்போம்.

நாக்குக் கற்கள்

மத்தியதரைக் கடலிலுள்ள மால்டாத் தீவின் பாறைகளில் முக்கோண வடிவான, பளபளப்பான கற்கள் அகப்படும். ஐரோப்பியர் அவற்றை 'நாக்குக் கற்கள்' என்றனர். நிலவு மறையும் வேளையில் அவை வானிலிருந்து விழுவதாகச் சொல்லப்பட்டதைப் பண்டைய உரோம நூலாசிரியர் பிளினி எழுதிவைத்தார். மால்டாவில் கரையேறிய புனித சின்னப்பரின் கையை விரியன் பாம்பு பற்றியும் அவருக்குத் தீங்கு நேரவில்லை என்று அப்போஸ்தலர் பணி 28ஆம் அதிகாரம் கூறுகிறது. அவர் கல்லாக்கிவிட்ட பாம்பு நாக்குகளே இவை என்று பிற்கால மக்கள் கதை சேர்த்தனர். வேதாகமத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆயினும், நஞ்சை முறிக்கும் என்று நம்பி அக்கற்களை அணிந்தார்கள்; பானத்தில் தோய்த்தும் பருகினார்கள்.

சுறாவின் தலை

1666ஆம் ஆண்டு இத்தாலியின் லிவோர்னோ நகருக்கு அருகே மீனவர்கள் பெரிய சுறா ஒன்றைப் பிடித்தனர். அந்நாட்டுப் பிரபு அதன் தலையைப் புளோரன்ஸ் நகருக்கு வருவித்து, நிக்கலஸ் ஸ்டேனோ என்னும் டென்மார்க் நாட்டு மருத்துவரிடம் ஒப்படைத்தார். 28 வயதினரான ஸ்டேனோ அதை அறுத்து ஆராய்ந்தார். சுறாவின் பற்களும் நாக்குக் கற்களும் வடிவில் ஒத்திருப்பதைக் கண்டார். பாபியோ கொலொன்னா என்ற இத்தாலியர் 1616இலேயே இதைச் சொல்லியிருந்தார். ஸ்டேனோ அதற்கு மேலும் ஒரு படி சென்றார்.

பாம்பின் நாக்கு வெறும் மீன்பல் ஆகிவிட்டது. இனி வியக்க என்ன இருக்கிறது என்று அவர் நின்றுவிடவில்லை. கடல் மீனின் பல், கரையிலுள்ள பாறைக்குள் எப்படிப் புகுந்தது என்று கேட்டார். நீரில் சேறு படை படையாகப் படிந்து இறுகியே அப்பாறைகள் உண்டாயின என்றும், கீழ்ப்படை முந்தியது, மேற்படை பிந்தியது என்றும் 1669இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். புவிச்சரிதவியலின் அடிப்படை விதிகளில் இது ஒன்றாக இன்றும் நிற்கிறது. பொய்க்கதை மறைந்த இடத்தில், மலையும் கடலும் இடம்மாறிய பெருங்கதை தெரியவந்தது.

நமது காலடியிலும் அக்கதை உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல், ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் கடலடியில் படிந்தது. அக்கல்லில் பழங்காலச் சிப்பிகளின் அச்சு காணப்படுகிறது. நாம் அள்ளிக் குடிக்கும் கிணற்றுநீர் அந்தக் கல்லின் வெடிப்புகளில் தேங்கிய மழைநீரே.

ஆராய்ச்சியாளர், ஆயர்

ஸ்டேனோ 1667இல் கத்தோலிக்கரானார். 1675இல் குருவாகவும் 1677இல் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். 1988இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 1673இல் கொப்பன்ஹேகனில் ஆற்றிய உரையில், கண்ணால் காண்பதற்கு ஓர் அழகு உண்டென்றும், ஆராய்ந்தறியும்போது அது மிகுகிறதென்றும், அறிவுக்கு எட்டாததின் அழகே எல்லாவற்றிலும் பெரிதென்றும் கருத்துப்படப் பேசினார். அறுத்துப் பார்த்த கைகளுக்குரியவரே அப்படிப் பேசினார் என்பது கவனிக்கத்தக்கது.

நம் இல்லங்களில்

உண்மையோடு சேராத வியப்பு உயிருக்கே கேடாகலாம். பாம்பு தீண்டியவரின் காயத்தில் விஷக்கல்லை வைத்து, அது நஞ்சை உறிஞ்சும் என்று காத்திருப்போர் இன்றும் உளர். கல் நஞ்சை உறிஞ்சுவதில்லை. ஆஸ்பத்திரியில் கிடைக்கும் விஷமுறிவு மருந்தே உயிர்காக்கும். வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது விசுவாசக் குறைவு ஆகாது. மருந்தை ஆராயும் அறிவையும் தந்தவர் இறைவனே.

அதேபோல, வியப்போடு சேராத உண்மை சோதினை முடிந்ததும் மறந்துபோகும். ஆகையால் பிள்ளை கேட்கும்போது, தெரிந்தால் சொல்வோம். தெரியாவிட்டால், "எனக்கும் தெரியேல்லைப் பிள்ளை, வா, தேடிப் பார்ப்பம்" என்போம். அந்தப் பதிலால் பெற்றோரின் மதிப்புக் குறையாது.

குடும்பமாகச் சிந்திக்க:

1. இந்த வாரம் நம் பிள்ளைகள் கேட்ட எந்தக் கேள்வியை நாம் தட்டிக்கழித்தோம்?

2. ஆராயாமல் நாம் நம்பிவரும் 'நாக்குக் கல்' நம் வீட்டில் உண்டா?

3. ஓர் உண்மையை அறிந்தபின் இறைவனின் படைப்பை முன்னிலும் அதிகமாக வியந்த நேரம் எது?