நூல் கட்டிக் கற்ற வலையமைப்பு

பன்னிரண்டாம் வகுப்பில் வலையமைப்பு வடமிடல் பாடத்தை நடத்தும்போது, ஆர்ஜே45 இணைப்பியில் எட்டுக் கம்பிகளை வரிசைப்படுத்துவதோடு நான் நிறுத்திக்கொள்வது வழக்கம். இந்த முறை ஒரு மாணவி, "டீச்சர், ஒரே ஒரு கேபிள் அறுந்துபோனா பேங்க் வேலை எல்லாம் நின்னுடுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியையே மறுநாள் செயல்பாடாக மாற்றினேன்.

தேவையானவை: அட்டைப்பெட்டிகள் 6, சிவப்பு நூல், நீல நூல், கத்தரிக்கோல்.

இரண்டு பெட்டிகள் சேவையகங்கள், இரண்டு ஸ்விட்சுகள், மீதி இரண்டும் பொதுச் சேமிப்பகத்தின் கட்டுப்படுத்திகள் அ, ஆ. சேவையகங்கள் இரண்டும் ஒரே சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று அதே தரவைக் கொண்டு பணியைத் தொடர முடியும்.

நான் கரும்பலகையில் வரைந்தபடி மாணவர்கள் நூல் கட்டினர். ஒவ்வொரு சேவையகத்திலிருந்தும் ஒவ்வொரு கட்டுப்படுத்தியிலிருந்தும் 2 நூல், மொத்தம் 8. "இப்போது எதை அறுத்தாலும் பயமில்லை" என்றேன். கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து வந்து, நூலைத் தொடாமல் முதல் ஸ்விட்ச் பெட்டியையே தூக்கிவிட்டான். முதல் சேவையகத்தின் இரு நூல்களும் அதோடு போய்விட்டன. இரண்டையும் ஒரே ஸ்விட்சில் கட்டும்படி வரைந்தது என் தவறு. அதை வகுப்பிலேயே ஒப்புக்கொண்டு, திருத்தும் பொறுப்பை அவனிடமே கொடுத்தேன்.

அவன் கண்ட விதி எளிது: ஒவ்வொரு சேவையகத்திலிருந்தும் சிவப்பு நூல் முதல் ஸ்விட்சுக்கு, நீல நூல் இரண்டாம் ஸ்விட்சுக்கு. ஒவ்வொரு கட்டுப்படுத்திக்கும் அப்படியே. நூல்கள் அதே 8தான். ஆனால் இப்போது ஒரு நூலையோ, ஸ்விட்சையோ, கட்டுப்படுத்தியையோ எடுத்தாலும் இரு சேவையகங்களுக்கும் வழி இருந்தது. எண்ணிக்கை மட்டும் பாதுகாப்பு தராது; பாதைகள் பிரிந்து செல்ல வேண்டும் என்பது விளங்கியது.

பின்னர் மூன்று செய்திகளைச் சேர்த்தேன். ஒரு சேவையகத்திலிருந்து சேமிப்பகத்துக்கு இப்போது 4 பாதைகள் உள்ளன. அவற்றை ஒன்றாக நிர்வகிக்கும் பல்பாதை மென்பொருள் இல்லையெனில், ஒரே வட்டு நான்காகத் தெரியும். செப்பு ஈதர்நெட் வடம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு வடத்தின் இரு முனைகளிலும் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் பழுதான வடத்துக்குப் பதில் நல்ல வடத்தைப் பிடுங்கிவிடுவோம்.

மணி அடிக்கும் நேரத்தில், முதலில் கேள்வி கேட்ட மாணவி மீண்டும் கை தூக்கினாள்: "டீச்சர், ரெண்டு ஸ்விட்சுக்கும் கரண்ட் ஒரே பிளக்ல இருந்து வந்தா?"

அதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். பெட்டியைத் தூக்கும் மாணவனைத் தடுத்துவிடாதீர்கள்.