கடலில் தேடல், விண்ணில் தடயம்

2014ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளை. கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் நோக்கி 239 பேருடன் புறப்பட்ட எம்.எச்.370 என்னும் மலேசிய விமானம் வழியில் மறைந்தது. பயணம் செய்தோருள் இந்தியர் ஐவர். மலேசியப் படையின் ரேடார் அவ்விமானத்தை இறுதியாகக் கண்டது மலாக்கா நீரிணையின் வடபகுதியில். அதற்கு அப்பால் விரிந்து கிடப்பது அந்தமான் கடல்.

எனவே, தேடும் பணி அந்தமான் நிக்கோபார் தீவுகளை எட்டியது. முப்படைகளும் ஒரே தலைமையின்கீழ் இயங்கும் இந்தியாவின் முதல் கூட்டுக் கட்டளையகம் 2001ஆம் ஆண்டு போர்ட் பிளேரில் நிறுவப்பட்டது. அதன் கப்பல்களும் விமானங்களும் தீவுகளைச் சுற்றித் தேடின. தமிழ்நாட்டின் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பி-8ஐ என்னும் கண்காணிப்பு விமானமும் வந்தது.

இத்தேடலில் 26 நாடுகள் பங்கேற்றன. படை ரேடாரின் பதிவுகளை எந்த நாடும் எளிதில் பிறருக்குக் காட்டுவதில்லை. ஆயினும், மலேசியா தன் பதிவுகளைப் பிறநாட்டு வல்லுநர்களுடன் பகிர்ந்துகொண்டது.

அடுத்த தடயம் விண்ணிலிருந்து கிடைத்தது. இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இன்மார்சாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் ஒன்று இருந்தது. அதன் வழியே விமானத்தின் கருவி அவ்வப்போது குறிப்பலைகளை அனுப்பியது. இறுதிக் குறிப்பு காலை 8.19 மணிக்கு வந்தது. அலை வந்துசேர எடுத்த நேரம் தொலைவை உணர்த்தியது. அதிர்வெண்ணில் நேர்ந்த சிறு மாற்றம் திசையை உணர்த்தியது. விமானம் தெற்கே சென்று இந்தியப் பெருங்கடலில் முடிவுற்றது என மலேசியப் பிரதமர் மார்ச் 24 அன்று அறிவித்தார். ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே தேடல் தொடர்ந்தது.

2015 ஜூலையில் விமானத்தின் இறக்கைப் பகுதி ஒன்று ரீயூனியன் தீவில் கரையொதுங்கியது. பல ஆண்டுகள் கடந்தும் விமானத்தின் உடற்பகுதி கிடைக்கவில்லை. தேட வேண்டிய பரப்பைச் செயற்கைக்கோள் சுருக்கித் தந்தது. அலைகளின் நடுவே சென்று தேடியவர்கள் மனிதர்களே. அந்தமான் கடலில் தேடியவர்களின் உழைப்பும் வீணன்று. ‘இங்கு இல்லை’ என உறுதிசெய்வதும் தேடலின் ஒரு பகுதியாகும்.

சொற்பொருள்
நீரிணை – இரு கடல்களை இணைக்கும் குறுகிய நீர்ப்பகுதி
தடயம் – அடையாளக் குறிப்பு
அதிர்வெண் – ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை

விடையளிக்க
1. தேடும் பணி அந்தமான் கடலுக்கு வந்தது ஏன்?
2. குறிப்பலைகள் எவ்விரு செய்திகளை உணர்த்தின?
3. ஆபத்துக் காலத்தில் நாடுகள் தம் இரகசியப் பதிவுகளைப் பகிர்தல் வேண்டுமா? ஐந்து தொடர்களில் எழுதுக.