மனோவசியமும் அதன் பயனும்

மனோவசியம் என்ற மாத்திரத்தில், கண்களை உருட்டிப் பிறரை ஆட்டிவைக்கும் மாயக்காரனே நம்மிற் பலர்க்கு நினைவில் வருகின்றான். ஹிப்னாட்டிசம் என்று வழங்கும் இவ்வித்தையின் உண்மை யாது, அதனால் விளையும் பயன் யாது என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் மெஸ்மர் என்ற வைத்தியர், உயிர்களிடத்து ஓடும் ஒருவகைக் காந்தசக்தியைத் தாம் செலுத்திப் பிணி தீர்ப்பதாகக் கூறினார். பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி 1784-இல் நியமித்த குழுவினர் இம்முறையைச் சோதித்தனர். பெஞ்சமின் பிராங்கிளினும் லவாய்சியரும் அக்குழுவில் இருந்தனர். தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மாத்திரம் காந்தம் ஏற்றி, அஃது எதுவென்று அறியாத சிறுவன் ஒருவனை உள்ளே விட்டனர். அவனோ காந்தம் ஏற்றாத மரத்தினடியிலேயே மயங்கி வீழ்ந்தான். காந்தசக்தி என்பதொன்று இல்லை, மனத்தின் பாவனையே காரணம் என்று குழுவினர் முடிவு கூறினர்.

காரணம் பொய்யாயிற்று, விளைவோ மெய்யாக நின்றது. மாஞ்செஸ்டர் நகரத்து வைத்தியர் ஜேம்ஸ் பிரெய்டு 1841 முதல் இதனை ஆராய்ந்து, 1843-இல் நூலொன்று வெளியிட்டார். துயில் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றே இதன் பெயர் பிறந்தது. ஆயினும் இது தூக்கமன்று. கவனம் ஒன்றன்மேற் குவிந்து, பிறிதெல்லாம் விலகி நிற்க, சொல்லப்படும் கருத்தை மனம் எளிதில் ஏற்கும் நிலையே இது. எல்லாரும் ஒரே அளவில் இதற்கு வயப்படுவாரல்லர்.

நம் நாட்டிற்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. மயக்கமருந்து வழக்கில் வாராத 1845-ஆம் ஆண்டில், வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற வைத்தியர் மெஸ்மர் முறையால் நோயாளிகளைத் துயிலச் செய்து ரணசிகிச்சை புரிந்தார். மறு ஆண்டிலேயே அமெரிக்காவில் ஈதரும், 1847-இல் குளோரோபாரமும் வெளிப்பட்டன. யாவரையும் ஒருங்கே மயக்கவல்ல அம்மருந்துகளின் முன் இம்முறை பின்னடைந்தது.

எனினும் அஃது அழிந்தொழியவில்லை. பிரசவத்திலும் ரணசிகிச்சையிலும் வலி தணித்தற்கும், சில மனநோய்களுக்கும் இது பயன்படும் என்பதைப் பிரிட்டிஷ் வைத்திய சங்கம் 1955-இல் ஒப்புக்கொண்டது. இன்று பல்வைத்தியத்தில் அச்சம் நீக்குதற்கும், ஒருவகைக் குடல்நோயின் துன்பம் குறைத்தற்கும் பிற சிகிச்சைகளோடு இதனைத் துணையாகக் கொள்கின்றனர்.

ஆயின் எச்சரிக்கை ஒன்றுண்டு. இந்நிலையில் மறந்தனவெல்லாம் பிழையின்றி நினைவுக்கு வரும் என்பது தவறு. கேட்பவன் தன் வினாவில் வைத்த குறிப்பையே, வயப்பட்டவன் தான் கண்டதாக உறுதியுடன் கூறக்கூடும். அவன் பொய்யனல்லன், அவன் நினைவே மாறிவிடுகின்றது. அத்தகைய சாட்சியத்தால் குற்றமற்ற ஒருவன் தண்டனை அடையவுங் கூடும். ஆதலின் அதனை ஏற்க நீதிமன்றங்கள் பல தயங்குகின்றன.

ஆகவே இவ்வித்தையை மாயமென்று அஞ்சவும் வேண்டா. சர்வரோக நிவாரணி என்று போற்றவும் வேண்டா. கற்றுத் தேர்ந்த வைத்தியர் கையில், நோயாளியின் சம்மதத்தோடு நிகழுமாயின் நன்மை பயக்கும். வேடிக்கை காட்டுவோர் கையில் தீங்காகவும் முடியும். பிறர் மனம் நம் சொல்லுக்கு இணங்கி நிற்கும்போதே நம் சொல்லில் வாய்மை மிக வேண்டும் என்பது, நாளை ஆசிரியராகவும் வைத்தியராகவும் வழக்கறிஞராகவும் விளங்கப்போகும் மாணவர்யாவரும் மனத்திற் கொள்ளத்தக்கது.