சமையலறைக் கழிவும் மரக்கறித் தோட்டமும்

மேய்ஸ் ஹில்லிலும் அயலிலும் வாழும் எம்மவர் வீடுகளிலே நாலு மிளகாய்ச் செடியோ ஒரு கறிவேப்பிலைக் கன்றோ இல்லாத வீடு குறைவு. அவற்றுக்குக் கடையிலே பசளை வாங்கும் நாம், மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல் ஆகியவற்றைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறோம். இவை குப்பை மேட்டிலே காற்றுப் படாமல் அழுகும்போது மீதேன் வாயு உண்டாகிறது. நியூ சவுத் வேல்ஸில் 2030 ஜூலை முதல் வீட்டு உணவுக் கழிவு தனியாகச் சேகரிக்கப்பட வேண்டும் என 2025இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் தோட்டம் உள்ளவர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

ஊரிலே கோடிப்புறத்தில் குப்பைக் கிடங்கு இருந்தது. அந்த நினைவிலே நாமும் இங்கு மிஞ்சிய சோறு கறியைக் கத்தரிச் செடியின் அடியில் தாட்டோம். எலி வந்தது, செடியின் இலைகளும் மஞ்சளாயின. சோற்றை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்ளும். கறியிலுள்ள உப்பும் வேருக்கு ஆகாது. கழிவு நன்றாக உக்கிய பின்னர்தான் பசளையாகும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டோம்.

கூட்டெரு செய்யும் முறை

சேர் ஆல்பர்ட் ஹோவார்ட் 1924 முதல் 1931 வரை இந்தியாவின் இந்தூரில் பணியாற்றியபோது, கழிவுகளை அடுக்கடுக்காக இட்டுக் கிளறி உக்கவைக்கும் முறையை வகுத்தார். அதே முறையை வீட்டிலும் பின்பற்றலாம்.

1. அடிப்பக்கம் திறந்த, மூடியுள்ள தொட்டியை மண்மீது வையுங்கள். எலி நுழையாதபடி அடியில் நெருக்கமான கம்பிவலை விரியுங்கள்.

2. ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை அல்லது கிழித்த பத்திரிகைத் தாள் சேருங்கள்.

3. பிழிந்த துணியின் அளவுக்கு ஈரம் இருக்கட்டும். வாரம் ஒருமுறை கிளறுங்கள். நாற்றம் வந்தால் காய்ந்த இலையைக் கூட்டுங்கள்.

4. மீன், இறைச்சி, எண்ணெய், சமைத்த உணவு, நாய் பூனைகளின் கழிவு ஆகியவற்றைச் சேர்க்க வேண்டாம்.

சில மாதங்களில் அது கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண்ணைப்போல மணக்கும். தண்டில் படாமல் செடியைச் சுற்றி இரண்டு அங்குலம் பரப்பினால் போதும்.

உடல்நலம் கவனம்

கூட்டெருவிலும் கடையில் வாங்கும் சாடி மண்ணிலும் லெஜியோனெல்லா லோங்பீச்சே என்னும் பக்டீரியா இருக்கலாம். 1980களின் இறுதியில் தென் அவுஸ்திரேலியாவில் பலருக்கு ஏற்பட்ட நியூமோனியாக் காய்ச்சலை ஆராய்ந்தபோது, இக்கிருமி சாடி மண்ணிலே இருப்பது தெரியவந்தது. இதன் தூசியைச் சுவாசிப்பதால் நோய் தொற்றும். முதியோருக்கும், புகைபிடிப்போருக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தோருக்கும் ஆபத்து அதிகம். தோட்டவேலையை விரும்பிச் செய்பவர்கள் பெரும்பாலும் எமது அம்மப்பா அப்பம்மாமார் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே எருவைக் கிளறுமுன் சிறிது நீர் தெளியுங்கள். கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். மண் பையைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும், சாப்பிடுமுன்னும், கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பின்னர் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் தாமதியாமல் வைத்தியரிடம் செல்லுங்கள். தோட்டத்தில் எரு கிளறியதையும் அவரிடம் சொல்லுங்கள். அச்செய்தி அவர் சரியான பரிசோதனையைச் செய்ய உதவும்.

பிள்ளைகளையும் இவ்வேலையில் சேர்த்துக்கொள்வோம். நேற்றைய தோல் நாளைய பயிற்றங்காயாவதை அவர்கள் கண்ணாலே காணட்டும்.